பழைய படகு மோட்டாரும் நம்ம கெணத்து பம்புசெட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன வாரம் நம்ம பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதில ஒருத்தர் எழுதியிருந்தாருங்க, செகண்ட்ஸ்ல படகு மோட்டார் வாங்கறதும் பணத்த காவேரில வீசறதும் ஒண்ணுதான், வாங்கினவன் எல்லாம் ஆறே மாசத்துல இரும்புக்கடைக்கு தூக்கிட்டு போறான்னு. அவரு வயித்தெரிச்சல் எனக்கு புரியுதுங்க, யாரோ அவர் தலைல ஒரு சீக்கு மோட்டார கட்டி விட்டிருக்காங்க போல. ஆனா அதுக்காக பழசு எல்லாமே குப்பைனு சொல்றத என்னால ஒத்துக்க முடியலைங்க, நான் பவானில 32 வருசமா மொபெட்டும் பம்புசெட்டும் ரிப்பேர் பாத்து சோறு திங்கறவன், மூணு வருசமா ஒரு பழைய படகு மோட்டாரோட மல்லுக்கட்டிட்டும் இருக்கறவன், அந்த உரிமைல எழுதறேனுங்க, கொஞ்சம் நீளமா போனா வெட்டிக்குங்க.

என் மச்சினன் நெரிஞ்சிப்பேட்டைல கதவணைக்கு மேல தேங்கி நிக்கற தண்ணில மீன் புடிக்கறான். பரிசல்ல துடுப்பு போட்டு போட்டு தோள்பட்டை போயிருச்சு, ஃபைபர் படகு ஒண்ணு வாங்கினான், அதுக்கு நாகப்பட்டினம் பக்கம் போயி 9.9 எச்பி டூ ஸ்ட்ரோக் மோட்டார் ஒண்ண 45,000 ரூபாய்க்கு புடிச்சுட்டு வந்தான். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. சின்ன யானை வண்டில வெச்சு, பழைய ஜமக்காளத்த சுத்தி, காத்தாடி (ப்ரொப்பெல்லர்) இருக்கற கால் பக்கம் மேல, இஞ்சின் இருக்கற தலை பக்கம் கீழனு சாச்சு கட்டி ராத்திரி பூரா கொண்டாந்திருக்கான். அதுதான் முதல் தப்புங்க. காலுக்குள்ள தேங்கி இருக்கற தண்ணி எக்ஸாஸ்ட் வழியா இறங்கி நேரா சிலிண்டருக்குள்ள போயிரும், படகு மோட்டார தூக்கினாலும் படுக்க வெச்சாலும் தலை எப்பவும் காலுக்கு மேலதான் இருக்கணும். வாங்கின இடத்துலயே அரை மணி நேரம் செங்குத்தா நிக்க வெச்சு தண்ணிய வடிச்சுட்டு ஏத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.

காலைல போன் வருது, "ஏனுங் மாமா, கயிறு இழுத்தா நவுறவே மாட்டேங்குதுங்க, இஞ்சின் இறுகி சீஸ் ஆயிருச்சுங்களா". நல்லவேளை இன்னும் முக்கி இழுக்கலை. தண்ணி நெறஞ்ச சிலிண்டர்ல பலமா இழுத்தா பிஸ்டன தாங்கற கனெக்டிங் ராடு வளைஞ்சு போவும், தண்ணிய அமுக்க முடியாதுல்ல. ப்ளக்கு ரெண்டையும் கழட்டி, மோட்டார சாச்சு, மெதுவா சுத்தினேன், ஒரு டம்ளர் தண்ணி வந்துச்சு. உள்ள ஆயில் விட்டு சுத்தி, ப்ளக்க தொடச்சு போட்டு அன்னைக்கே ஓட்டிட்டோம். இந்த அன்னைக்கே-ங்கறது முக்கியமுங்க, ஆத்துல மோட்டார் விழுந்தாலும் இதே வைத்தியம்தான், தூக்கி வெயில்ல காய வெச்சு நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டீங்கன்னா பேரிங்கெல்லாம் துரு ஏறிரும். உடனே பாக்க முடியலைன்னா காய விடறதுக்கு பதிலா நல்ல தண்ணிலயே முக்கி வெச்சுட்டு ஆள் தேடுங்க. கேக்கறதுக்கு கிறுக்குத்தனமா இருக்கும், காத்து பட்டாத்தானே துரு.

இனி விசயத்துக்கு வரேன். இந்த மோட்டார பாத்து யாரும் மெரள வேண்டியதே இல்லைங்க. 1909ல அமெரிக்காவுல ஓலே எவின்ரூட்-ங்கறவரு விக்க ஆரம்பிச்சதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் அடிப்படை அப்படியேதான் இருக்கு. மேல இருக்கறது பழைய எக்ஸ்எல் சூப்பர் மொபெட் இஞ்சின் மாதிரி ஒரு டூ ஸ்ட்ரோக், என்ன, ரெண்டு சிலிண்டரா இருக்கும். கீழ இருக்கறது ஒரு கியர்பாக்ஸ். நடுவுல இருக்கறது ஒரு பம்பு, ஆத்து தண்ணிய உறிஞ்சி இஞ்சின குளிர வைக்கறது. பம்புன்னா நமக்கு சொல்லியா தரணும், 1937லயே கோயமுத்தூர்ல ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேந்து கரண்டு மோட்டார் செஞ்சுட்டாங்க, இன்னைக்கும் நம்மூர்ல பத்தாங்கிளாஸ் பையன்கிட்ட இம்பெல்லர்னா என்னன்னு கேட்டா, பம்புக்குள்ள சுத்தி தண்ணிய தள்ளற சக்கரம்னு சொல்லுவான். ஆனா அதே நம்மாளு படகு மோட்டார்னா இஞ்சின மட்டும் பாக்கறான், ப்ளக்கு மாத்தறான், கார்புரேட்டர் கழுவறான், பம்ப மறந்தர்றான். இஞ்சின் கெட்டு செத்த பழைய மோட்டார் கம்மிங்க. தண்ணி வராம சூடேறி செத்தது, இல்ல தண்ணி போகக்கூடாத எடத்துக்கு போயி செத்தது, இந்த ரெண்டுதான் நான் பாத்த வரைக்கும் ஜாஸ்தி.

ஓடறப்ப மோட்டார் பின்னாடி ஒரு சின்ன ஓட்டைல இருந்து பீச்சாங்குழலாட்ட தண்ணி வரும் பாருங்க, எங்க ஊர்ல அத மோட்டார் ஒண்ணுக்கு போகுதுனுதான் சொல்லுவாங்க, மன்னிச்சுக்குங்க, வேற பேரு எனக்கு தெரியாது. ஸ்டார்ட் பண்ணின கையோட மொதல்ல திரும்பி பாக்க வேண்டியது அதைத்தான். வரலைன்னா ஒரு நிமிசம் கூட யோசிக்காம ஆஃப் பண்ணுங்க. அப்புறம் ஒரு மெல்லிசு கம்பியோ தூண்டில் நரம்போ எடுத்து அந்த ஓட்டைல குத்தி பாருங்க, பாதி நேரம் குளவி மண்ணு வெச்சு கூடு கட்டியிருக்கும், குத்தினா பீச்சிட்டு வந்துரும். அப்பவும் வரலைன்னா தண்ணி உறிஞ்சற சல்லடைய பாக்கணும், நம்ம காவேரில ஆகாயத்தாமரை வேரும் பிளாஸ்டிக் கவரும் அங்கதான் போய் அப்பிக்கும். அதுவும் சுத்தம்னா இம்பெல்லர்தான்.

இந்த இம்பெல்லர் நம்ம கெணத்து பம்புல இருக்கற வார்ப்பு இம்பெல்லர் மாதிரி கெட்டி இல்லைங்க, ரப்பர். நடுவுல இருந்து றெக்கை றெக்கையா இருக்கும், கூடு ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கறதால றெக்கை ஒரு பக்கம் மடங்கி ஒரு பக்கம் விரிஞ்சு சுத்தும், அதுலதான் தண்ணி உறிஞ்சுது. மெதுவா ஓடறப்ப இப்படி, வேகமா ஓடறப்ப றெக்கை ஓரம் செவுத்துல படாம நம்ம பம்பு மாதிரியே தண்ணிய வீசி தள்ளும், நல்ல வேலைப்பாடு. ஆனா தண்ணி இல்லாம ஓட்டினா சில நொடிலயே ரப்பர் சூடாகி வெந்து போவும். உறிஞ்சற குழாய் அடில இருக்கற ஃபுட்வால்வு ஒழுகி தண்ணி எறங்கின பம்ப ஓட்டினா நாம பதறமாட்டோமா, அதே பதட்டம் இங்கயும் வேணும். இது தெரியாம வாங்க வர்றவன்கிட்ட காட்டறதுக்கு தரைலயே வெச்சு புர்ர்ருனு ஓட்டி காமிப்பாங்க, சத்தம் அருமையா இருக்கும், நாமளும் பணத்த எண்ணி குடுத்துருவோம். தரைல ஓட்டி காமிச்சா அந்த நிமிசமே இம்பெல்லர் போச்சுனு வெச்சுக்குங்க. ஒரு பெரிய டிரம்முல தண்ணி ரொப்பி, உறிஞ்சற ஓட்டை நல்லா முங்கற மாதிரி மோட்டார மாட்டி, நியூட்ரல்ல வெச்சு ஓட்டி காட்ட சொல்லுங்க. காட்டமாட்டேன்னு சொன்னா டீ குடிச்சுட்டு கெளம்பிருங்க.

இம்பெல்லர மாத்தறது பெரிய வித்தை இல்லைங்க, ஆனா கடல்ல ஓடின மோட்டார்னா பொறுமை வேணும். கால கழட்டறதுக்கு நாலஞ்சு போல்டுதான், கியர் ராடு இணைப்ப கழட்டிக்கணும், ஆனா உப்பு ஏறி அலுமினியத்துக்குள்ள ஸ்டீல் போல்டு செத்த புடி புடிச்சிருக்கும். நான் மொத நாளு நம்ம கடை பழக்கத்துல ஸ்பேனர்ல பைப்ப மாட்டி ஒரு இழுப்பு இழுத்தேன், மொளகா காம்பு மாதிரி முறிஞ்சு வந்துருச்சு. அப்புறம் லேத் வெச்சிருக்கற கூட்டாளிகிட்ட தூக்கிட்டு போயி டிரில் போட்டு எடுத்து புதுசா மரை வெட்டி, வேலை ஒரு வாரம் இழுத்துச்சு. மத்த போல்டுக்கு புத்தி வந்து, துரு எளக்கற எண்ணெய் அடிச்சு ஒரு ராத்திரி ஊற விட்டு, ஹாட் ஏர் கன்னுல சூடு பண்ணி, அரை சுத்து கழட்டி கால் சுத்து மறுபடி முடுக்கினு நவுத்தி நவுத்தி எடுத்தேன். திருப்பி போடறப்ப எல்லாத்துக்கும் தண்ணில கரையாத கிரீஸ் பூசித்தான் போட்டேன், அடுத்த தடவ ஸ்பேனர் வெச்சதும் வந்துருச்சு.

பழைய இம்பெல்லர்ல ஆறு றெக்கைல ரெண்டக் காணோம். இத நெறய பேரு கவனிக்க மாட்டாங்க, புதுச போட்டு மூடிருவாங்க. காணாம போன துண்டு எங்க போவும், மேல தண்ணி போற வழிலதான் சிக்கி நிக்கும், அது வரைக்கும் தேடி எடுக்கணும், இல்லைன்னா புது இம்பெல்லர் போட்டும் ஒரு சிலிண்டர் மட்டும் சூடாகும். நாங்க குழாய் வழியா ஓஸ்ல தண்ணிய எதிர்ப்பக்கமா அடிச்சு ரெண்டு துண்டையும் எடுத்து தரைல பழசோட சேத்து வெச்சு கணக்கு பாத்தோம். சூட்டுக்கு தகுந்தாப்ல தொறந்து தண்ணிய விடற தெர்மோஸ்டாட் கூட்ட தொறந்தா உள்ள உப்பு பாறையாட்ட படிஞ்சு கெடக்குது, எங்க அத்தை பாத்துட்டு புளி போட்டு தேச்சா போவாதானு கேட்டாங்க, நான் வினிகர்ல ஒரு ராத்திரி ஊற வெச்சேன், கரைஞ்சுச்சு. தெர்மோஸ்டாட்ட சுடுதண்ணில போட்டு தொறக்குதானு பாத்துக்கணும், கார்ல இருக்கற மாதிரி 80 டிகிரிக்கு மேலனு நெனைக்காதீங்க, இதுல பெரும்பாலும் 50, 60 டிகிரிலயே தொறந்தரும்.

புது இம்பெல்லர போடறப்ப தண்ணி கலந்த சோப்போ கிரீஸோ தடவி, ஷாஃப்ட்ட மேல இருந்து பாத்தா கடிகாரம் சுத்தற பக்கமா சுத்திட்டே கூட்ட அமுக்கணும், அப்பத்தான் றெக்கை சரியான பக்கம் மடங்கும். இம்பெல்லர ஷாஃப்ட்டோட பூட்டற அரைவட்ட கீ ஒண்ணு இருக்கும், விரல் நக அளவுதான், அது கீழ விழுந்தா தேடியே ஒரு நாள் போவும், பழைய வேட்டிய விரிச்சுட்டு வேலை பாருங்க. கால திருப்பி மாட்டறப்ப தண்ணி குழாய் அதோட ரப்பர் வாய்க்குள்ள நேரா ஏறுச்சானு பாக்கணும், ஷாஃப்ட் பல்லுக்கு கிரீஸ் போடலாம், நுனி மண்டைல போடக்கூடாது, போட்டா அமுங்கி உக்காராம நிக்கும். இம்பெல்லர் நல்லா இருந்தாலும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்திருங்க, நம்மாத்துல மணலும் சேறும் ஜாஸ்தி, மேட்டூர் தொறந்து புதுத்தண்ணி வர்றப்ப கலங்கி வர்றத பாத்திருப்பீங்க, அந்த மண்ணெல்லாம் ரப்பர அரம் போட்டு தேய்க்கும்.

அடுத்து கியர் ஆயில். இது அஞ்சு நிமிச வேலை, ஆனா மோட்டாரோட பாதி ஜாதகம் இதுல இருக்குது. காலோட கீழ ஒரு ஸ்க்ரூ, மேல ஒரு ஸ்க்ரூ. கீழ இருக்கறத கழட்டிட்டு மேல இருக்கறதயும் கழட்டினா ஆயில் எறங்கும். எறங்கறது பால் கலந்த டீ மாதிரி வெளுப்பா இருந்தா தண்ணி உள்ள போயிருக்கு, சீல் போச்சுனு அர்த்தம். பொதுவா காத்தாடிக்கு பின்னாடி ஷாஃப்ட்ல நரம்பு வலை சுத்திக்கிட்டு சீல அறுத்துரும், மீன் புடிக்கறவங்க மாசத்துக்கு ஒருக்கா காத்தாடிய கழட்டி பாக்கறது நல்லது. என் மச்சினன் மோட்டார்ல ஒரு கைப்பிடி நரம்பு எடுத்தோம், யார் வலையோ. ஸ்க்ரூ மேல காந்தம் இருந்தா அதுல மையாட்ட பூசினாப்ல இருந்தா பரவால்லை, செதிலு செதிலா இரும்பு இருந்தா கியர் தேயுது. புது ஆயில கீழ ஓட்டை வழியாத்தான் ஏத்தணும், மேல இருந்து ஊத்தினா காத்து நின்னுக்கும், கீழ இருந்து அமுக்கி மேல ஓட்டைல குமிழி இல்லாம வழியற வரைக்கும் ஏத்தி, மொதல்ல மேல ஸ்க்ரூவ மூடிட்டு அப்புறம் டியூப எடுத்து கீழ ஸ்க்ரூவ மூடணும். வாசரு புதுசு போடுங்க, அஞ்சு பத்து ரூபாய்க்கு பாத்து பழசையே போட்டுட்டு அப்புறம் கியர்பாக்ஸுக்கு அழுவாதீங்க. 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருக்கா, இல்ல ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்தினா போதும்.

எரிபொருள்ல ஒரு கதை இருக்குதுங்க. கடலோரத்துல நெறய மோட்டார் மண்ணெண்ணெய்ல ஓடறது, வாங்கறப்பவே எதுன்னு கேட்டுக்கணும், எங்களுது பெட்ரோல் மாடல். வாங்கி மூணாவது மாசம் இவன் ஒரு வேலையா அந்தப்பக்கம் போறப்ப மோட்டாரையும் டேங்கையும் எடுத்துட்டு போயிருக்கான், பத்து நிமிசம் ஓடி நிக்குதுனு அங்க ஒரு மெக்கானிக்குகிட்ட காட்டியிருக்கான். அவரு கார்புரேட்டர் கிட்டு, ஃப்யூல் பம்பு டயாஃப்ரம், ப்ளக்குனு 6,500 ரூபா வாங்கிட்டாரு. ஊருக்கு வந்தா மறுபடி பத்து நிமிசத்துல நிக்குது. நான் போயி பாத்தேன், டேங்கு மூடில காத்து ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், வண்டில ஏத்தறப்ப சிந்தாம இருக்க மூடினவன் தொறக்கவே இல்லை. காத்து போகாம டேங்கு சூம்பிப்போயி நிக்குது, மோட்டாருக்கு பெட்ரோல் எங்க இருந்து வரும். திருகி விட்டேன், புஸ்ஸுனு ஒரு சத்தம், அவ்வளவுதான். 6,500 ரூபா புஸ்ஸுனு போச்சுனு இன்னைக்கு வரைக்கும் ஒறம்பரைல பேசி சிரிக்கறாங்க. அதுனால மோட்டார் நின்னா காத்து ஸ்க்ரூ, ஓஸ்ல இருக்கற அமுக்கு பந்து கெட்டியாகுதா, பந்துல போட்ட அம்புக்குறி மோட்டார் பக்கம் பாக்குதா, கழண்டா மோட்டார நிறுத்தற எமர்ஜென்சி கயிறு கிளிப்பு மாட்டியிருக்கா, இந்த நாலையும் பாத்துட்டு அப்புறம் டூல்ஸ எடுங்க.

இப்ப பங்குல கெடைக்கற பெட்ரோல்ல 20 சதம் எத்தனால். படகு மோட்டார் கம்பெனிக நெறய பேரு 10 சதத்துக்கு மேல வேண்டாம்னுதான் புத்தகத்துல போட்டிருக்காங்க, அதுவும் பழைய மோட்டார்ல ஓஸும் டயாஃப்ரமும் அந்த காலத்து ரப்பர், ஊறி பிசுபிசுனு ஆயிரும். எத்தனால் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், ஆத்து மேல எந்நேரமும் ஈரம்தானே, நாள் பட நின்னா தண்ணி தனியா பிரிஞ்சு டேங்கு அடில எறங்கிரும். நாம என்ன பண்ண முடியும், வேற பெட்ரோலுக்கு எங்க போறது. ஓஸ புதுசா போட்டுட்டு, வேணுங்கற அளவு மட்டும் வாங்கி, பத்து நாளைக்கு மேல மோட்டார் சும்மா நிக்கும்னா ஓஸ கழட்டி விட்டு கார்புரேட்டர் காலியாகற வரைக்கும் ஓட்டி நிறுத்தறோம், தண்ணில வெச்சுத்தான் ஓட்டணும், தனியா சொல்ல வேண்டியதில்லை.

டூ ஸ்ட்ரோக்குக்கு பெட்ரோல்ல ஆயில் கலக்கறதுல நம்மூர்ல பெரிய அலட்சியம். மொபெட்டுக்கு ஊத்தற டூ டி ஆயிலயே இதுக்கும் ஊத்தறாங்க. மொபெட் காத்துல குளுரறது, இது தண்ணில குளுரறது, ரெண்டும் வேற. மொபெட் ஆயில் எரிஞ்சா சாம்பல் மிஞ்சும், இதுல பிஸ்டன் ரிங்கும் ப்ளக்கும் அடைஞ்சுக்கும். படகு மோட்டாருக்கு டிசி-டபிள்யூ3-னு டப்பால போட்டிருக்கும், அதத்தான் வாங்கணும், ஆன்லைன்லயே வருது. 50க்கு 1-னா லிட்டருக்கு 20 மில்லி, ரொம்ப பழைய மாடல்ல 25க்கு 1 கேக்கும், அது லிட்டருக்கு 40 மில்லி. தெரியலைன்னா மாடல் நம்பர் பாத்து மேனுவல் தேடுங்க, டீக்கடைல கேக்காதீங்க.

ப்ளக்கு பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ரெண்டையும் கழட்டி பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, ரெண்டும் காப்பிக்கலர்ல இருந்தா நிம்மதி. ஒண்ணு கருப்பா ஒண்ணு கழுவி வெச்சாப்ல பளபளன்னு இருந்தா சந்தோசப்படாதீங்க, பளபளன்னு இருக்கற சிலிண்டர்ல தண்ணி போகுது, ஹெட் கேஸ்கட்ட பாக்கணும். வாங்கறப்பவே சிலிண்டர் அழுத்தத்த அளக்கற கம்ப்ரஷன் கேஜ் கொண்டு போயி ரெண்டு சிலிண்டரையும் அளந்துட்டா இன்னும் நல்லது, ரெண்டுக்கும் 10 சதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா வெலைய பேசாம கெளம்புங்க.

இஞ்சின் கத்துது, படகு நவுறலைன்னா கியர் போச்சுனு பயப்படாதீங்க, காத்தாடிக்கு நடுவுல ரப்பர் புஷ்ஷு இருக்கும், அது வழுக்கும், கிளட்ச் பிளேட் தேஞ்ச பைக்காட்ட. சின்ன மோட்டார்ல புஷ்ஷுக்கு பதிலா ஒரு பின்னு இருக்கும், கல்லுல அடிச்சா அது முறிஞ்சு கியர காப்பாத்தும், அது முறியறதுக்குனே வெச்சது. பின்னு முறிஞ்சா ஆணிய வெட்டி போட்டு ஓட்டற கில்லாடிக நம்மூர்ல உண்டு, ஆணி முறியாது, கியர்தான் முறியும். கதவணைல பராமரிப்புக்கு தண்ணிய வடிக்கற சமயத்துல பாறையெல்லாம் மேல வந்துரும், அப்ப ரெண்டு பின்னு எச்சா டப்பால இருக்கட்டும்.

காலுக்கு பக்கத்துல ஒரு சாம்பக்கலர் உலோகக்கட்டி மாட்டியிருக்கும், அரிப்ப தான் வாங்கிக்கிட்டு மோட்டார காப்பாத்தறதுக்கு. கடல் மோட்டார்ல அது துத்தநாகம், நல்ல தண்ணிக்கு அது சரிப்படாது, மேல படலம் கட்டிக்கிட்டு வேலை செய்யாது, மெக்னீசியமோ அலுமினியமோ மாத்திக்கணும். அது மேல பெயிண்ட் அடிச்சு பளபளப்பா வெச்சிருந்தான் வித்தவன், பெயிண்ட் அடிச்சா அது வேலையே செய்யாது.

மூணு வருசத்துல மொத்தமா உதிரிக்கு மட்டும் 11,000 ரூபா கிட்ட செலவாச்சு, அந்த 6,500 தனி. மோட்டார் ஒரு இழுப்புல ஸ்டார்ட் ஆவுது. நேத்து காலைல ஆறு மணிக்கு மச்சினன் போன், "மாமா, தண்ணி பீச்சல, ஆஃப் பண்ணிட்டேன்". கம்பி எடுத்து குத்தி பாரு மாப்ளன்னேன். ரெண்டு நிமிசம் கழிச்சு லைன்ல சத்தம் கேக்குது, "குளவிங்க மாமா, இந்த தடவ உள்ள புழுவும் இருக்குது".

இப்படிக்கு,
ஒரு பழைய மெக்கானிக்,
பவானி.